மோட்டார் சைக்கிள் சக்கரத்தில் காற்று எவ்வளவு இருத்தல் வேண்டும்?

மும்பை மாநகரின் கிழக்குப் புறநகர்களுள் ஒன்று விக்ரோலி. ஒரு புறம் தானே கடற்கழியின் ஓரத்தே அலையாத்திக் காடுகள், மறுபுறம் குன்றுகள், இடையே ரயில் பாதையும் கிழக்கு விரைவு நெடுஞ்சாலையும். தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் தலைமுறைகளாக வாழ்ந்து வரும் தமிழர்களுக்கும் இச்சாலை அயலானதன்று. விடுமுறை நாட்களின் விடியற்காலையில் இங்கு நின்று பார்ப்பவர், பின்னிருக்கையில் ஒருவரும் இரு பக்கங்களிலும் பைகளுமாகத் தொலைதூரம் புறப்பட்டுச் செல்லும் மோட்டார் சைக்கிள்களைக் காணலாம். தானே வழியாக நாசிக் நோக்கிச் செல்வன சில. ஐரோலி பாலத்தைக் கடந்து பன்வேல், கண்டாலா, புணே வழியாகத் தென்னாடு நோக்கிச் செல்வன சில.

இவ்வண்டிகளின் எஞ்சின், பிரேக்கு, விளக்கு முதலியவற்றைப் புறப்படுமுன் சோதித்துப் பார்ப்போர் பலர். ஆயின், வண்டிக்கும் சாலைக்கும் இடையே உள்ள ஒரே தொடர்பு உள்ளங்கையளவே உள்ள இரண்டு ரப்பர்ப் பரப்புகள்தாம் என்பதையும், அப்பரப்புகளின் உருவை நிர்ணயிப்பது உள்ளே அடைபட்டிருக்கும் காற்றே என்பதையும் எண்ணிப் பார்ப்போர் சிலரே. டயரைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்து, "காற்று இருக்கிறது" என்று திருப்தியடைந்து புறப்படுவதே பெரும்பாலும் வழக்கம். 30 பவுண்டு அழுத்தத்துக்கும் 22 பவுண்டு அழுத்தத்துக்கும் உள்ள வேற்றுமையை விரல் அறியாது; சாலை அறியும்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலை விபத்துக்களில் இறந்தோர் 1,68,491 பேர். அவர்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு 44 பேர் இருசக்கர வண்டிகளில் சென்றவர்கள். இவ்விபத்துக்களுக்குக் காரணங்கள் பல. டயரின் காற்றழுத்தம் அவற்றுள் ஒன்றே. எனினும், செலவு ஏதுமின்றி, ஐந்து நிமிட உழைப்பால் நீக்கிவிடக்கூடிய காரணம் அது. ஊர் ஊராகச் சென்று பணியாற்றும் களப்பணியாளரும், பௌதிகத்தை வாழ்க்கையோடு இணைத்துக் கற்பிக்க விரும்பும் ஆசிரியரும் இதனை அறிந்திருத்தல் நன்று.

காற்றடைத்த சக்கரம் வந்த வரலாறு

ரப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துக் காய்ச்சி உறுதிப்படுத்தும் முறையை அமெரிக்கராகிய சார்லஸ் குட்யியர் 1839இல் கண்டார். காற்றடைத்த சக்கரத்துக்கு 1845இல் ராபர்ட் வில்லியம் தாம்ஸன் என்பார் உரிமைப் பட்டயம் பெற்றார். ஆனால் அது வழக்கத்துக்கு வரவில்லை. பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராயிருந்த ஜான் பாய்ட் டன்லப் 1888இல் அதனை மீண்டும் கண்டு நடைமுறைக்குக் கொணர்ந்தார். அன்று தொடங்கிய பயணம் இன்றளவும் நிற்கவில்லை.

விக்ரோலிக்கும் இவ்வரலாற்றில் ஒரு அண்டைத் தொடர்பு உண்டு. இங்கிருந்து வடக்கே இரண்டாவது ரயில் நிலையம் பாண்டுப். இத்தாலியின் டூரின் நகரில் தோன்றிய சியட் நிறுவனம் 1958இல் இந்தியாவில் காலூன்றியபோது, அதன் டயர்த் தொழிற்சாலை அமைந்தது அங்கேதான். இன்னும் வடக்கே, தானேயில், ரப்பர்த் தொழிலுக்கான ஆராய்ச்சிக் கழகம் ஒன்று செயல்பட்டு வருகிறது. தமிழகத்தில், சென்னையை அடுத்த திருவொற்றியூரில் 1946இல் பலூன் செய்யும் சிறு தொழிலாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். நிறுவனம் 1961இல் டயர் உற்பத்தியில் இறங்கியது. அதே திருவொற்றியூர்தான் இந்தியாவில் என்ஃபீல்டு புல்லட் வண்டிகள் உற்பத்தியான இடமும் ஆயிற்று. அதற்கான நிறுவனம் 1955இல் உருவாயிற்று. நெடும்பயண மோட்டார் சைக்கிளும் அதன் டயரும் இவ்வாறு ஒரே ஊரில் வளர்ந்தது குறிப்பிடத்தக்கது.

சுமையைத் தாங்குவது எது?

வண்டியின் சுமையை டயர் தாங்குகிறது என்று கூறுவது வழக்கு. உண்மையில், சுமையின் பெரும் பகுதியைத் தாங்குவது டயரன்று. அதனுள் அடைபட்ட காற்று. டயர் அக்காற்றை அடக்கி வைக்கும் பையாகும். ரப்பருக்குள் பதிந்துள்ள நைலான் முதலிய இழைகள் அப்பை விரிந்துவிடாதவாறு இழுத்துப் பிடிக்கின்றன. இழைகள் விறைப்பாக நிற்க வேண்டுமாயின் உள்ளே போதிய அழுத்தம் வேண்டும்.

சாலையைத் தொடும் பரப்பைக் கணக்கிடும் முறை எளிது. சக்கரத்தின் மேல் விழும் சுமையைக் காற்றழுத்தத்தால் வகுத்தால், தொடுபரப்பு ஏறத்தாழக் கிடைக்கும். டயரின் சொந்த விறைப்பு சிறிதளவு சுமையை ஏற்பதால் இக்கணக்கு முற்றும் துல்லியமானதன்று. ஆயினும் உண்மைக்கு அருகில் நிற்கும்.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். பெட்ரோலுடன் 195 கிலோகிராம் எடையுள்ள வண்டியில் 70 கிலோ எடையுள்ள ஒருவர் அமர்கிறார் என்க. மொத்த எடை 265 கிலோ. இதில் நூற்றுக்கு 55 பங்கு பின் சக்கரத்தின்மேல் விழுமாயின், பின் சக்கரச் சுமை 146 கிலோ. முன் சக்கரச் சுமை 119 கிலோ. இனி, 65 கிலோ எடையுள்ள மற்றொருவர் பின்னிருக்கையில் அமர, 25 கிலோ மூட்டையும் கட்டப்படுகிறது. கூடிய 90 கிலோவில் 80 கிலோ பின் சக்கரத்துக்கே போய்ச் சேரும் எனலாம். ஆகவே பின் சக்கரச் சுமை 226 கிலோ ஆகிறது. முன் சக்கரச் சுமை 129 கிலோ மட்டுமே. முன் சக்கரத்துக்கு நூற்றுக்கு 8 பங்கு சுமை கூடியிருக்க, பின் சக்கரத்துக்கு நூற்றுக்கு 55 பங்கு கூடிவிட்டது.

சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு என்பது சதுர சென்டிமீட்டருக்கு 2.1 கிலோ அளவாகும். தனி ஒருவர் செல்கையில் பின் டயரின் தொடுபரப்பு ஏறத்தாழ 69 சதுர சென்டிமீட்டர். காற்றைக் கூட்டாமலே இரண்டாமவரையும் மூட்டையையும் ஏற்றினால், அப்பரப்பு 107 சதுர சென்டிமீட்டராக விரிந்தாக வேண்டும். டயர் அந்த அளவுக்குச் சப்பையாகிறது. அதன் பக்கச் சுவர்கள் அந்த அளவுக்குப் பிதுங்கி வளைகின்றன. உற்பத்தியாளர்கள் தனிப் பயணத்துக்கு ஓர் அளவும், இருவர் பயணத்துக்குச் சற்றுக் கூடிய மற்றோர் அளவும் குறிப்பிடுவதன் காரணம் இதுவே. கூட்ட வேண்டியது பெரும்பாலும் பின் சக்கரத்தில்தான் என்பதும் இக்கணக்கிலிருந்து விளங்கும்.

காற்றைக் கூட்டினால் எவ்வளவு சுமையும் ஏற்றலாம் என்று கருதிவிடலாகாது. டயரின் பக்கச் சுவரில் அதன் அளவை அடுத்து ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். 61 என்ற எண் 257 கிலோவையும், 52 என்ற எண் 200 கிலோவையும் குறிக்கும். அந்த டயர் தாங்கத்தக்க உச்சச் சுமை அதுவே. மேற்கண்ட எடுத்துக்காட்டில் பின் சக்கரத்தின் சுமை 226 கிலோவை எட்டியிருத்தலைக் காண்க. இன்னும் ஒரு மூட்டை ஏற்றினால் எல்லை நெருங்கிவிடும்.

வளைவும் வெப்பமும்

ரப்பர்ப் பந்தைத் தரையில் போட்டால், போட்ட உயரத்துக்கு அது திரும்பி எழுவதில்லை. நசுங்கும்போது பெற்ற சக்தி முழுவதையும் ரப்பர் திருப்பித் தராமல், ஒரு பங்கை வெப்பமாக்கிக்கொள்வதே காரணம். உருளும் டயரிலும் இதுவே நிகழ்கிறது. டயரின் ஒவ்வொரு பகுதியும் சாலையைத் தொடும்போது நசுங்கி, விலகும்போது நிமிர்கிறது. நெடும்பயண வண்டிகளின் பின் சக்கரம் ஒரு சுற்றில் ஏறத்தாழ 2 மீட்டர் தூரம் செல்லும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் அது விநாடிக்குப் பதினொரு முறை சுழல்கிறது. மும்பையிலிருந்து பெங்களூருக்கு உள்ள ஏறத்தாழ 1,000 கிலோமீட்டரைக் கடப்பதற்குள், டயரின் ஒவ்வோர் அங்குலமும் ஐந்து லட்சம் முறை வளைந்து நிமிர்கிறது.

அழுத்தம் சரியாக இருப்பின் ஒவ்வொரு வளைவும் சிறியது; அதனால் தோன்றும் வெப்பமும் சிறியது; ஓடும் காற்று அதனை அகற்றிவிடும். அழுத்தம் குறைந்தால் வளைவு பெரிதாகும். தோன்றும் வெப்பம் அகலும் வெப்பத்தை விஞ்சும். ரப்பர் வெப்பத்தை எளிதில் கடத்தாத பொருளாகையால், சூடு உள்ளேயே தங்கி, இழைகளுக்கும் ரப்பருக்கும் இடையேயுள்ள பிணைப்பைத் தளர்த்துகிறது. கோடையில் வெயிலேறிய தார்ச் சாலையும் தன் பங்குக்குச் சூட்டை அளிக்கிறது. இவ்வாறு பல நூறு கிலோமீட்டர் ஓடிய பின்னர், ஒரு நண்பகலில் டயர் பிரிந்து வெடிக்குமாயின், அதனைக் "காற்று அதிகமாகி வெடித்தது" என்று மக்கள் கூறுகின்றனர். பெரும்பாலும் உண்மை அதற்கு நேர்மாறு: காற்றுக் குறைந்ததனால் சூடேறி வெடித்ததாகும்.

காலை அளவும் நண்பகல் அளவும்

அடைபட்ட வாயுவின் கனஅளவு மாறாதிருக்க, அதன் அழுத்தம் தனி உஷ்ணநிலைக்கு நேர் விகிதத்தில் மாறும் என்பது பௌதிக விதி. இவ்விதியைக் கையாளும்போது ஒன்றை மறத்தலாகாது. அளவுகருவி காட்டுவது வெளிக் காற்றுக்கு மேற்பட்ட அழுத்தத்தை மட்டுமே. அதனுடன் வாயு மண்டலத்தின் அழுத்தமாகிய 14.7 பவுண்டைக் கூட்டினால்தான் முழு அழுத்தம் கிடைக்கும்.

விடியற்காலையில் உஷ்ணநிலை 20 டிகிரி சென்டிகிரேடாக இருக்கும்போது டயரில் 30 பவுண்டு காற்று அடைக்கப்பட்டது என்க. முழு அழுத்தம் 44.7 பவுண்டு; தனி உஷ்ணநிலை 293. ஓட்டத்தாலும் வெயிலாலும் டயரின் காற்று 50 டிகிரிக்குச் சூடேறினால், தனி உஷ்ணநிலை 323 ஆகும். முழு அழுத்தம் 49.3 பவுண்டுக்கு உயரும். கருவி 34.6 பவுண்டு காட்டும். ஏறத்தாழ ஆறரை டிகிரி உயர்வுக்கு ஒரு பவுண்டு கூடுகிறது எனக் கொள்ளலாம்.

இங்கேதான் பலர் தவறு செய்கின்றனர். நண்பகலில் பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தி அளக்கின்றனர், கருவி 34.6 காட்டுகிறது, "அதிகம்" என்று கருதி 30க்கு இறக்கிவிடுகின்றனர். மறுநாள் காலையில், உஷ்ணநிலை 20 டிகிரிக்குத் திரும்பியதும், அதே டயரில் எஞ்சியிருப்பது 26 பவுண்டுக்கும் சற்றுக் குறைவே. அன்று வண்டி குறைந்த காற்றுடன் ஓடுகிறது. அதனால் மேலும் சூடேறுகிறது. நண்பகலில் கருவி மீண்டும் "அதிகம்" எனக் காட்டக்கூடும். குறையே மிகைபோல் தோற்றம் தருவது இவ்விஷயத்தின் விந்தை.

ஆகவேதான் உற்பத்தியாளர் குறிப்பிடும் அளவுகள் அனைத்தும் குளிர்ந்த டயருக்கு உரியவை. வண்டி ஓடி நின்று மூன்று மணி நேரமாவது கழிந்திருக்க வேண்டும். வெயிலிலும் நின்றிருத்தல் கூடாது. சூடேறுவதால் உண்டாகும் உயர்வை உற்பத்தியாளர் முன்னரே கணக்கில் கொண்டுள்ளனர். சூடான டயரிலிருந்து காற்றை இறக்கவே கூடாது.

அனுபவமுள்ள ஓட்டுநர்கள் இவ்விதியையே ஒரு சோதனையாகவும் பயன்படுத்துவர். காலையில் குறித்துக்கொண்ட அளவு, ஒரு மணி நேரச் சாலை ஓட்டத்துக்குப் பின் மிதமாக உயர்ந்திருப்பின் அழுத்தம் தக்கது. அன்றைய சுமைக்கும் வெயிலுக்கும் எதிர்பார்க்கத்தக்க அளவை மிஞ்சி ஆறு, ஏழு பவுண்டு உயர்ந்திருப்பின், டயர் அளவுக்கு மீறி வளைந்து சூடேறுகிறது என்பது பொருள். மறுநாள் காலையில் இரண்டு பவுண்டு கூட்டுவதும், அது இயலாதாயின் சுமையையும் வேகத்தையும் குறைப்பதுமே பரிகாரம்.

மலையேற்றத்தில் மாறுமா?

மும்பை–புணே விரைவுச் சாலையில் இருசக்கர வண்டிகளுக்கு அனுமதி இல்லை. எனவே விக்ரோலியிலிருந்து தெற்கே செல்லும் மோட்டார் சைக்கிள் பன்வேல் கடந்து, பழைய சாலை வழியே மலையேறி, 600 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்திலுள்ள லோணாவாலாவை அடைகிறது. பின்னர் புணே, சாத்தாரா, கோலாப்பூர், பெலகாவி, ஹூப்ளி வழியாக 900 மீட்டருக்கு மேற்பட்ட பெங்களூரை எட்டி, ஒசூர் வழியே தமிழகத்தில் இறங்குகிறது. கடல் மட்டத்தில் அடைத்த காற்று இவ்வுயரங்களில் என்னவாகும் என்ற ஐயம் எழுதல் இயல்பே.

உயரம் கூடக் கூட வெளிக் காற்றின் அழுத்தம் குறைகிறது. உள்ளே உள்ள காற்று மாறாதிருப்பினும், இரண்டுக்கும் உள்ள வேற்றுமை கூடுவதால் கருவி கூடுதலாகக் காட்டும். லோணாவாலாவில் இவ்வுயர்வு ஏறத்தாழ ஒரு பவுண்டு. பெங்களூரில் ஒன்றரைப் பவுண்டு. 2,240 மீட்டர் உயரமுள்ள உதகமண்டலத்தில் மூன்றரைப் பவுண்டு. ஆனால் மலைமேல் குளிரும் உண்டு. 32 டிகிரி வெப்பமுள்ள சமவெளியிலிருந்து 15 டிகிரிக் குளிருள்ள உதகைக்குச் சென்றால், குளிர்ச்சியினால் இரண்டரைப் பவுண்டு குறையும். உயரம் கூட்டியதைக் குளிர் பெரும்பாலும் கழித்துவிடுகிறது. மிச்சம் ஒரு பவுண்டே. எனவே நம் நாட்டுச் சாதாரண மலைச் சாலைகளில், உயரத்தை முன்னிட்டுக் காற்றைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டுவதில்லை. காலையில் குளிர்ந்த நிலையில் அளந்து, வேண்டுமாயின் திருத்திக்கொண்டால் போதும்.

மலையிறக்கத்தில் கவனிக்க வேண்டியது முன் சக்கரம். சரிவினாலும் பிரேக்கு இடுவதாலும் சுமை முன்னோக்கிச் சாய்கிறது. முன் டயரில் காற்றுக் குறைந்திருப்பின், திருப்பங்களில் கைப்பிடி கனத்துத் தோன்றும். வண்டி நினைத்த கோட்டில் செல்லாமல் தயங்கும். கண்டாலாவின் வளைவுகளில் இத்தயக்கம் ஆபத்தானது.

மழைநீரில் சக்கரம்

ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பைச் சாலைகளில் நீர் தேங்கி நிற்பது புதிதன்று. "மழைக் காலத்தில் காற்றைக் குறைத்தால் டயர் சாலையை நன்றாகப் பற்றும்" என்ற நம்பிக்கை ஓட்டுநர்களிடையே பரவியுள்ளது. இஃது ஆராய்ந்து பார்க்கத்தக்கது.

நீரின்மேல் வேகமாக உருளும் டயர், தன் முன்னே உள்ள நீரை ஒதுக்கித் தள்ள வேண்டும். வேகம் ஓரளவை மீறினால் நீர் விலக நேரமின்றி டயரின் அடியில் ஆப்புப்போல் நுழைந்து அதனைத் தூக்கிவிடும். அந்நிலையில் திருப்புதலும் பிரேக்கும் பயன்படா. அமெரிக்காவில் நாசாவின் லாங்லி ஆராய்ச்சி நிலையத்தில் வால்டர் ஹார்ன் முதலியோர் 1960களின் தொடக்கத்தில் விமானச் சக்கரங்களை வைத்து இதனை ஆராய்ந்தனர். டயர் நீரில் மிதக்கத் தொடங்கும் வேகம், அதன் காற்றழுத்தத்தின் வர்க்க மூலத்துக்கு நேர் விகிதத்தில் உள்ளது என்று கண்டனர். அவர்களது சூத்திரப்படி, 30 பவுண்டு அழுத்தமுள்ள டயர் மணிக்கு ஏறத்தாழ 91 கிலோமீட்டரில் மிதக்கத் தொடங்கும். 20 பவுண்டு அழுத்தமுள்ளது 75 கிலோமீட்டரிலேயே மிதக்கும்.

மோட்டார் சைக்கிள் டயர் தட்டையாக இன்றி வளைந்த முதுகுடையதாகையால் நீரைப் படகின் அடிப்புறம்போல் கிழித்துச் செல்லும். மேற்கண்ட எண்கள் அதற்கு அப்படியே பொருந்தா. ஆயினும் விதியின் போக்கு மாறாது: காற்றுக் குறைந்தால் ஆபத்தான வேகமும் குறைகிறது. மேலும், தளர்ந்த டயரில் நடுப்பகுதி உட்குழிந்து, நீர் ஓடும் பள்ளங்கள் நெருங்கி மூடிக்கொள்ளும். எனவே மழைக்குக் காற்றைக் குறைக்கலாகாது. வேகத்தைத்தான் குறைக்க வேண்டும். தேய்ந்த டயருக்கு எவ்வழுத்தமும் துணை செய்யாது. பள்ளங்களின் அடியிலுள்ள தேய்மானக் குறி மேற்பரப்போடு சமமாகிவிட்டால் டயரை மாற்றிவிட வேண்டும்.

குறைவும் மிகையும்

காற்றுக் குறைவின் தீமைகள் கூறப்பட்டன. அவற்றோடு, டயரின் இரு ஓரங்களும் நடுவைவிட விரைவில் தேயும். பெட்ரோல் செலவு கூடும். சாலைக் குழியில் விழும்போது டயர் முற்றும் நசுங்க, ட்யூப் விளிம்புக்கும் சாலைக்கும் இடையே சிக்கி, இரு துளைகள் அடுத்தடுத்து விழும். ஆரக் கம்பிச் சக்கரங்களில் டயர் விளிம்பின்மேல் வழுக்கி நகர்ந்து, ட்யூபையும் உடன் இழுத்து, வால்வின் அடியைக் கிழித்துவிடுவதும் உண்டு. அவ்வாறு நேர்ந்தால் காற்று ஒரே கணத்தில் வெளியேறிவிடும்.

மிகையும் நன்மையன்று. காற்றைக் கூட்டினால் உருளுவதற்கான தடை குறைந்து, பெட்ரோல் சிறிது மிச்சமாவது உண்மையே. ஆனால் தொடுபரப்பு சுருங்குகிறது; நடுப்பகுதி மட்டும் தேய்கிறது; மேடு பள்ளங்களில் சக்கரம் துள்ளுகிறது. துள்ளும் சக்கரம் சாலையைத் தொடாத கணங்களில் பிரேக்கு அதற்கு இல்லை என்றே கூறலாம்.

பக்கச் சுவரில் பொறித்துள்ள உச்ச அழுத்தத்தையே தக்க அழுத்தம் என்று கொள்வது மற்றொரு பிழை. அது டயர் தாங்கும் எல்லையே அன்றி, வண்டிக்கு உரிய அளவன்று. ஒரே டயர் எடை குறைந்த வண்டியிலும் எடை மிகுந்த வண்டியிலும் பூட்டப்படுகிறது; இரண்டுக்கும் ஒரே அழுத்தம் எங்ஙனம் பொருந்தும்?

தக்க அளவைத் தேர்ந்தெடுத்தல்

முதலாவது, வண்டியின் கையேட்டிலோ, சங்கிலி உறையின் அருகே ஒட்டியுள்ள சீட்டிலோ குறித்துள்ள அளவைக் காண வேண்டும். தனிப் பயணத்துக்கும் இருவர் பயணத்துக்கும், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உரிய எண்கள் அதில் இருக்கும். வேறு வகை டயரை மாற்றிப் பூட்டியிருப்பின், அதன் உற்பத்தியாளரது ஆலோசனையையும் பெறுதல் வேண்டும். நம் நாட்டில் இருசக்கர வண்டி டயர்களுக்குரிய தர நிர்ணயம் ஐ.எஸ். 15627 என்பதாகும், வாங்கும்போது அக்குறியைப் பார்த்து வாங்குக.

இரண்டாவது, சுமையைச் சிந்தித்தல் வேண்டும். தனி ஒருவரே சென்றாலும், பின்னால் 40 கிலோ மூட்டை இருப்பின் அது மற்றொருவர் அமர்ந்ததற்கு நிகராகும். அப்போது இருவர் பயண அளவையே கொள்க. மூட்டைகளைக் கூடுமானவரை தாழ்வாகவும் நடுவிலும் கட்டுவது நலம்.

மூன்றாவது, சாலையைச் சிந்தித்தல் வேண்டும். மணலிலும் சேற்றிலும் மெதுவாகச் செல்ல வேண்டிய இடங்களில் சில பவுண்டுகள் குறைத்தால் டயர் அகன்று பற்றும் என்பது உண்மை. களப்பணியாளர் சிலர் இவ்வழக்கத்தைப் பின்பற்றுகின்றனர். ஆயின் தார்ச் சாலைக்குத் திரும்பியதும் மீண்டும் நிரப்பியாக வேண்டும். கையில் காற்றடிக்கும் பம்பு இல்லாதவர் இம்முறையைக் கையாளாதிருப்பதே பாதுகாப்பு.

நான்காவது, குளிர்ந்த நிலையில் அளந்து, அளந்ததை எழுதி வைத்தல் வேண்டும். தேதி, காலை உஷ்ணநிலை, முன் அளவு, பின் அளவு, சுமை என்று ஐந்து பத்திகள் கொண்ட சிறு குறிப்பேடு போதும். நல்ல நிலையிலுள்ள டயரும் மாதத்துக்கு ஓரிரு பவுண்டு காற்றை இழக்கும். ரப்பரின் நுண்ணிய இடைவெளிகளினூடே காற்று கசிவதே காரணம். வாரத்துக்கு இரண்டு பவுண்டு குறைவதாகக் குறிப்பேடு காட்டினால், எங்கோ ஊசித் துளையோ வால்வுக் கசிவோ உள்ளது. வால்வின் வாயில் சோப்பு நீர்த்துளி ஒன்றை இட்டால் குமிழி அதனைக் காட்டிக்கொடுக்கும். வால்வின் மூடியைத் தொலைத்துவிடுதல் கூடாது. அது தூசியைத் தடுப்பதோடு, காற்றுக்கு இரண்டாவது தாழ்ப்பாளாகவும் அமைகிறது.

பெட்ரோல் நிலையங்களிலும் சாலையோரக் கடைகளிலும் உள்ள அளவுகருவிகள் பலர் கைபட்டு, கீழே விழுந்து, பிழைபட நேர்வது இயல்பு. ஆகவே நெடும்பயணம் செல்வோர் தமக்கெனச் சிறு கருவி ஒன்றை வைத்துக்கொண்டு, எப்போதும் அதனையே பயன்படுத்துதல் நன்று. சில கருவிகள் பவுண்டிலும், சில பாரிலும், சில கிலோபாஸ்கலிலும் காட்டும். 2 பார், 200 கிலோபாஸ்கல், 29 பவுண்டு ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஒன்றே.

நைட்ரஜன் வாயு நிரப்புவதைப் பற்றியும் பலர் வினவுகின்றனர். நாம் சுவாசிக்கும் காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். அவ்வாயு ஈரமின்றி இருப்பதும் சற்று மெதுவாகக் கசிவதும் நன்மைகளே. ஆனால் வெப்பத்தால் அதன் அழுத்தம் உயர்வது சாதாரணக் காற்றைப் போன்றே. அதனை நிரப்பியவரும் வாரந்தோறும் அளப்பதினின்று விலக்குப் பெறுவதில்லை.

பள்ளியில் செய்யத்தக்க இரண்டு சோதனைகள்

மேற்கூறியவற்றை மாணவர் கண்ணாரக் காணச் செய்வது எளிது. அதற்கு ஒரு சைக்கிளும், அளவுகருவியும், கட்டத்தாளும் போதும்.

முதற் சோதனை: சைக்கிளின் பின் டயரில் ஒரு பகுதிக்குச் சாக்குக்கட்டித் தூளைப் பூசுக. மாணவர் ஒருவர் இருக்கையில் அமர, வேறிருவர் வண்டியைத் தாங்கிக்கொள்ள, அப்பகுதியைச் சிமெண்டுத் தரையில் விரித்த கட்டத்தாளின்மேல் மெதுவாக இறக்குக. பதிந்த அச்சின் பரப்பைக் கட்டங்களை எண்ணி அறிக. பின் சக்கரத்தை எடைப் பொறியின்மேலும், முன் சக்கரத்தை அதே உயரமுள்ள பலகையின்மேலும் நிறுத்திச் சுமையை அறியலாம். சுமை 50 கிலோவும் அழுத்தம் 40 பவுண்டுமாயின், அஃதாவது சதுர சென்டிமீட்டருக்கு 2.8 கிலோவாயின், அச்சின் பரப்பு 18 சதுர சென்டிமீட்டருக்கு அருகில் வருதல் வேண்டும். காற்றைக் குறைத்து மீண்டும் செய்தால் அச்சு விரிவதைக் காணலாம். கணக்குக்கும் அச்சுக்கும் உள்ள சிறு வேற்றுமைக்குக் காரணம் என்ன என்று மாணவரையே வினவுக.

இரண்டாம் சோதனை: காலையில் நிழலிலும், பின்னர் வெயிலிலும், நண்பகலிலும் நிறுத்திய சைக்கிள் டயரின் அழுத்தத்தை உஷ்ணநிலையுடன் குறித்து வருக. ஒவ்வோர் அளவுடனும் 14.7 பவுண்டைக் கூட்டி வரைபடத்தில் இடுக. புள்ளிகள் ஏறத்தாழ ஒரு நேர்கோட்டில் அமையும். அக்கோட்டை இடப்புறம் நீட்டினால், அழுத்தம் சூனியமாகும் இடம் சூனியத்துக்குக் கீழே 270 டிகிரியை ஒட்டி வரக் காணலாம். அளவுகளிற் சிறு பிழை நேரினும் கோடு வெகுவாக விலகிவிடுமாதலால், பல மாணவர்களின் அளவுகளைச் சேர்த்துச் சராசரி காண்பது நன்று. தனிச் சூனிய உஷ்ணநிலையை ஒரு சைக்கிள் டயரிலிருந்து கண்டறிந்த மாணவன் அவ்விதியை மறக்கமாட்டான். டயருக்கு உரிய உச்ச அழுத்தத்தை மீறிக் காற்றடிக்காதவாறு ஆசிரியர் உடனிருந்து கவனித்தல் அவசியம்.

விக்ரோலியில் விடியற்காலையில் புறப்படும் வண்டியில் இருவர் செல்கின்றனர். அவர்களுள் ஒருவருக்குக் கைப்பிடியும் இல்லை, பிரேக்கும் இல்லை. முன்னால் இருப்பவரின் முன்யோசனையே பின்னால் இருப்பவரின் பாதுகாப்பு. அன்றாடம் கிராமச் சாலைகளில் செல்லும் களப்பணியாளருக்கும் இது பொருந்தும். வாரம் ஒரு முறையும், நெடும்பயணத்தின் ஒவ்வொரு காலையிலும், வண்டி அசையுமுன் இரு சக்கரங்களையும் அளந்து எழுதி வைப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுதல் வேண்டும். சுமை கூடினால் பின் சக்கரத்துக்குக் காற்றைக் கூட்டுக. சூடான டயரிலிருந்து இறக்காதொழிக. மழையில் வேகத்தைக் குறைக்க. இம்மூன்றையும் தாம் கடைப்பிடித்துப் பிறருக்கும் சொல்லுதல் களப்பணியாளரும் ஆசிரியரும் எளிதில் செய்யத்தக்க தொண்டாகும்.